பழைய ஜீப்பும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுத் தங்கைமார் தொலைபேசியில் பேசியபோது, "ராத்தா, பழைய காலத்து வரலாறு ஏதாவது எழுதித் தாங்க" என்றார்கள். அதிபர்மாரைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இம்மலரில் எழுதுகிறார்கள். ஆகவே நான் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு வாகனத்தின் வரலாறு. படிக்கும் பிள்ளைகள் கையில் காசில்லாமல் பழைய வாகனங்களை எழுப்பி ஓடவைத்த கதையும் அதற்குள் வருகிறது. பெண்கள் கல்லூரி மலரில் இது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் கரையோரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் லாண்ட் ரோவரைத் தெரியும். காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் வீதியில் அது ஓடிக்கொண்டே இருந்தது. மாரி காலத்தில் வட்டைக்குள் வேறு எந்த வாகனமும் இறங்காது. விதைநெல், பசளை மூட்டை, வாடிக்குச் சோறு, சில வேளை பிரசவ வலியெடுத்த பெண் என்று எல்லாவற்றையும் அதுதான் சுமந்தது. அதற்கு முன் வந்தது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், போர்ட் கம்பனிகள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. போர் முடிந்ததும் உலகம் முழுவதும் இராணுவ ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தன.

அதன் பின் 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்ட அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் கம்பனி வந்தது. நாம் இன்று சேனநாயக்க சமுத்திரம் என்று சொல்லும் குளம் அப்படித்தான் உண்டானது. அந்தத் திட்டம் நமது காணிகளுக்கும் நமது மக்கள் தொகைக் கணக்குக்கும் என்ன செய்தது என்பது பெரிய விவகாரம். அதற்கு வேறு கட்டுரை வேண்டும். ஆனால் புல்டோசரும் டிரக்கும் நான்கு சில்லும் இழுக்கும் வாகனமும் வந்து, அவற்றைத் திருத்தத் தெரிந்த ஒரு தலைமுறை இந்தப் பகுதியில் உருவானதும் அந்தக் காலத்தில்தான். அம்பாறையின் ஹார்டி தொழினுட்ப நிறுவனமும் அந்த 1950களின் பிள்ளைதான். எண்ணெய் படிந்த கையோடு வேலை கற்றுக்கொண்ட அந்தத் தலைமுறையில் பெண்ணொருத்தியைக்கூட நான் கண்டதில்லை.

லாண்ட் ரோவரே தட்டுப்பாட்டில் பிறந்த வாகனம். மொரிஸ் வில்க்ஸ் என்பவர் இங்கிலாந்தின் ரோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவில் இருந்த தம் தோட்டத்தில் போர்க்கால ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்துவந்தார். அது தேய்ந்துபோனால் வேறு எதை வாங்குவது என்ற கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. 1947இல் ஒரு ஜீப்பின் செசி மேலேயே முதல் மாதிரியைக் கட்டிப் பார்த்தார்கள். போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு இருந்தது. அலுமினியக் கலப்பு உலோகம் தாராளமாகக் கிடைத்தது. அதனால் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். அச்சுக்குச் செலவழிக்கப் பணமில்லாதபடியால் தகடுகள் தட்டையாகவே இருந்தன. இராணுவத்தில் மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டை அடித்தார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டியபோது, இது சில வருடங்களுக்கு ஓடும், பிறகு நல்ல கார் செய்யலாம் என்றுதான் கம்பனி நினைத்தது. 2016 ஜனவரி 29 வரை, அதே பரம்பரையில் 20 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

தட்டைத் தகடு, வெளியே தெரியும் போல்ட், கழற்றிப் பூட்டக்கூடிய கதவு. மிச்சம் பிடிக்கச் செய்த இவையே அதை ஏழைகளின் வாகனமாக்கின. நசுங்கினால் சுத்தியலால் தட்டி நேராக்கலாம். ஒரு பக்கத் தகடு போனால் அதை மட்டும் மாற்றலாம். டார்ஜிலிங் பக்கத்து மானேபஞ்சன் என்ற சிற்றூரில், தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுப்போன 1950களின் லாண்ட் ரோவர்கள் வேறு எஞ்சின் பூட்டப்பட்டு நெடுங்காலம் மலையேறின. நம் நாட்டில் 1970களில் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது உதிரிப்பாகம் வராது. கல்முனைக் கராஜ்களில் கடைந்து, உருக்கி, ஒட்டி ஓட்டினார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. வாப்பாவும் மாமாவும் பங்குக்கு ஏலத்தில் எடுத்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் அதன் மேல் ஒரு தென்னை விழுந்து கூரையும் கண்ணாடியும் போய்விட்டன. மாமா தன் பங்கை வேண்டாம் என்றார். மழையில் ஒரு வருடம் கிடந்தது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காக்காவும் அவருடைய கூட்டாளிமார் மூவரும் விடுமுறையில் அதை எழுப்புவோம் என்று புறப்பட்டார்கள். சூறாவளியில் விழுந்த மரங்களின் விறகை விற்ற காசுதான் முதல். வாப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பிரேக்குக்கு மட்டும் பழையது பாவிக்கக்கூடாது, அதற்குத் தான் காசு தருவதாகச் சொன்னார். இன்றைக்கும் அது சரியான புத்தி என்றே நினைக்கிறேன்.

எனக்கு அப்போது 13 வயது. என் வேலை, பால்மா டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, நட்டும் போல்ட்டும் கழுவுவது. இறுகிப்போன எஞ்சினுக்குப் பிளக் துவாரத்தால் எண்ணெய் விட்டு, நாட்கணக்கில் ஊறவைத்து, பிறகு மெதுவாகச் சுழற்றுவார்கள். ஓட்டை விழுந்த செசிக்கு இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் பிடிப்பார்கள். கடற்காற்று ஊரில் செசிதான் முதலில் போகும். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். ஆனால் இரும்பு போல்ட் தொடும் இடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியமே வெள்ளைத் தூளாக உதிரும். அந்த இடங்களில் பழைய டியூப் றப்பரை வெட்டி இடையில் வைக்கும் வழக்கத்தை அன்றைக்குத்தான் கண்டேன்.

கியர்பெட்டியைக் கழற்றிய நாளில் ஒரு காரியம் நடந்தது. எந்தச் சில்லுக்குப் பிறகு எந்த வளையம் என்று நால்வருக்கும் மறந்துபோனது. நான் பொழுதுபோகாமல் என் சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொன்றையும் கழற்றிய ஒழுங்கில் படம் கீறி இலக்கம் போட்டிருந்தேன். கொப்பியைக் கேட்டு வாங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் பூட்டினார்கள். முதல் நாள் அது உறுமியபோது காக்காமார் நால்வரும் முன்னுக்கும் பக்கத்துக்கும் தொற்றிக்கொண்டார்கள். நான் பின்னுக்கு, தங்கச்சியோடு, சாக்கின் மேல். கொப்பி திரும்பி வரவில்லை.

இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் அது குறையாகப் படவில்லை, எனக்கும்தான். நான் கார் ஓட்டப் பழகியது 47 வயதில்.

சில வருடங்களுக்கு முன் லண்டனில் இருக்கும் மகள் ஒரு படம் அனுப்பினாள். "உம்மா, உங்கட ஜீப் மாதிரி" என்று எழுதியிருந்தாள். அந்தப் படத்தின் பின்னால் போய்த்தான் இந்தக் கதையை அறிந்தேன்.

1955இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் மாணவர் ஆறு பேர் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தரைவழியாக வாகனத்தில் போவது என்று தீர்மானித்தார்கள். அதற்கு முன் பலர் முயன்றும் முடியாத பாதை அது. கையில் காசில்லை. கம்பனி கம்பனியாகக் கடிதம் எழுதினார்கள். ரோவர் கம்பனி இரண்டு லாண்ட் ரோவர்கள் கொடுத்தது. அப்போது பீபீசியில் இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ, படம் பிடித்து வாருங்கள் என்று பிலிம் கொடுத்தார். கடும் நீலம் அடித்த வண்டிக்கு ஒக்ஸ்போர்ட் என்றும் இளநீலத்துக்குக் கேம்பிரிட்ஜ் என்றும் பெயர் வைத்தார்கள். 1955 செப்டெம்பரில் புறப்பட்டு, இந்தியாவைக் கடந்து, போர்க்காலத்தில் அசாமிலிருந்து பர்மாவுக்குள் வெட்டப்பட்டுப் பின் காடு மூடிப்போயிருந்த வீதியைத் தடவித் தடவித் தாண்டி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் சிலெசர் அடுத்த வருடம் அதைப் புத்தகமாக எழுதினார்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய பகுதி. கேம்பிரிட்ஜ் வண்டி பிறிதொரு பயணத்தில் பள்ளத்தில் விழுந்து அழிந்தது. ஒக்ஸ்போர்ட், பறவை ஆய்வுக்குப் போன ஒரு குழுவோடு அத்திலாந்திக் சமுத்திரத்தின் அசென்சன் தீவுக்குக் கப்பலேறியது. பிறகு நெப்போலியனைச் சிறைவைத்த சென்ட் ஹெலெனாத் தீவுக்குப் போய், கை மாறி மாறி உழைத்து, கடைசியில் ஓடாமல் கிடந்தது. எல்லாரும் மறந்திருந்த அந்தக் கூட்டை அடம் பெனட் என்ற ஆர்வலர் வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து எழுப்பினார். 2019 ஓகஸ்டில் அது சிங்கப்பூரிலிருந்து, இந்த முறை மறுதிசையில், லண்டனை நோக்கிப் புறப்பட்டது. 87 வயதான சிலெசர் கூடப் போவதாக இருந்தது. சுகயீனம் தடுத்துவிட்டது. அவருடைய இடத்தில் பேரன் ஏறிக்கொண்டான். 111 நாட்களில், டிசம்பர் 14ஆம் திகதி, 64 வயதுக் கிழட்டு வண்டி லண்டனை அடைந்தது. சாமான் தேய்ந்தால் மாற்றலாம். அது எப்படிப் பூட்டப்பட்டது என்று தெரிந்த ஆள் ஒருவர் மிஞ்சியிருந்தால் போதும் போலும்.

அந்த ஆறு பேரிலும் பெண் இல்லை என்பதையும் கவனித்தேன். ஆனால் மூன்று வருடம் கழித்து, 1958இல், அன் டேவிஸ், ஈவ் சிம்ஸ், அன்டோனியா டீகொக் என்ற மூன்று பெண்கள் ஒரு லாண்ட் ரோவரில் லண்டனிலிருந்து இமயமலை அடிவாரம் வரை தாங்களே ஓட்டி வந்தார்கள். வீட்டுப் பெண்கள், மலையேறும் ஆண்களின் மனைவிமார். கணவன்மார் போகிறார்கள், நாமும் போவோம் என்று புறப்பட்டவர்கள். மனாலியில் வண்டியை விட்டு, சன்ஸ்கார் பள்ளத்தாக்குக்கு நடந்து, யாரும் ஏறியிராத ஒரு சிகரத்தில் ஏறி, அதற்கு 'பீவி கிரி' என்று பெயர் வைத்தார்கள். மனைவிமார் மலை என்று பொருள். நம் ஊரில் எத்தனை மூத்தம்மாமாரின் பெயர் பீவியில் முடிகிறது! இதை வாசித்தபோது தனியே இருந்து சிரித்தேன்.

பெண்ணின் கைக்கு இது பாரம் என்ற பேச்சுக்குப் பதில் 1945லேயே கிடைத்துவிட்டது. பின்னாளில் பிரித்தானிய மகாராணியாகி, 1954இல் இலங்கைக்கும் வந்துபோன எலிசபெத், இளவரசியாக இருந்தபோது இராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்து டிரக் ஓட்டவும் எஞ்சின் பழுதுபார்க்கவும் பயின்றார்.

பழைய வாகனம் எழுப்புவதைப் படிப்பாகவே வைத்த இடமும் இருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மக்பர்சன் என்ற சிறு கல்லூரி, 1976இல் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த 125 பழைய கார்களோடு அந்தப் பாடத்தைத் தொடங்கியது. இப்போது அதில் பட்டமே எடுக்கலாம். 2023இல் அதன் மாணவ மாணவியர் பல வருடம் பாடுபட்டுப் புதுப்பித்த 1953ஆம் ஆண்டு மெர்சிடிஸ் கார், உலகத்துப் பெரும் பணக்காரர் தங்கள் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தும் பெபிள் பீச் போட்டியில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றது. இந்தியாவில் 2007 முதல் 'பஹா' என்றொரு போட்டி நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் சிறு எஞ்சினொன்றை வைத்துக் காடு மேடு ஓடும் வண்டியைத் தாங்களே கட்டி வரவேண்டும். முழுக்கப் பெண்களே கொண்ட அணிகளும் அதில் ஓட்டியிருக்கின்றன.

ஆனாலும் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்துப் பிள்ளைகளின் கதை. 2017இல் அமெரிக்காவில் ரோபோ போட்டிக்குப் போக விசா இரண்டு முறை மறுக்கப்பட்டுப் பிறகு போய் வந்த பதின்ம வயதுப் பெண்கள் அணி அது. 2020இல் கொவிட் வந்து, வைத்தியசாலைகளில் சுவாச இயந்திரம் இல்லாமற் போனபோது, அவர்கள் பழைய ரொயோட்டா கொரோலாவின் மோட்டாரையும் ஹொண்டா மோட்டார் சைக்கிளின் செயின் பாகத்தையும் எடுத்து, விலை மலிந்த சுவாசக் கருவி ஒன்றைச் செய்து காட்டினார்கள். அதற்கு முன் எத்தனை மாதம் எந்தப் பழைய சாமானைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்த யோசனை வந்திருக்கும்? அடுத்த வருடமே ஆட்சி மாறியது. அணியில் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அங்கே பெண் பிள்ளைகளுக்கு இடைநிலைப் பள்ளிக்கூடக் கதவும் மூடப்பட்டது.

நமக்குக் கதவு திறந்திருக்கிறது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்துவிட்டது. பொறியியல் தொழினுட்பம் படிக்க விரும்பும் பெண் பிள்ளையை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் இருக்கிறது. 1959இல் தொடங்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவனம் மொறட்டுவையில் இருக்கிறது. ஆனால் போன வருடம் ஒரு பாடசாலையில், பெயர் வேண்டாம், ஆய்வுகூடத்தைப் பார்க்கப் போனேன். எஞ்சின் மாதிரி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. "பிள்ளைகள் தொட்டா பழுதாகிடும் டீச்சர்" என்றார் பொறுப்பாக இருந்தவர். பழுதாகாததைத் திருத்தப் படிப்பது எப்படி என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஆகவே, எங்கெங்கோ இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்கு வரவேற்பு வளைவு கட்டப்போகிறோம், நல்லது. கூடவே நம் பிள்ளைகளுக்கு ஒரு பழைய வாகனம் வாங்கிக் கொடுப்போம். ஓடாத வாகனம். கூரையிட்ட ஒரு கொட்டில், ஒரு ஸ்பானர் பெட்டி, ஒரு ஜெக், வாரத்தில் ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுக்க அனுபவமுள்ள ஒரு மெக்கானிக், அவரோடு நிற்க ஒரு ஆசிரியை. பிரேக்கும் வெல்டிங்கும் அவர் பார்வையில் நடக்கட்டும், மிச்சம் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும். கழற்றும் ஒவ்வொன்றையும் கொப்பியில் கீறி இலக்கம் போடும் வேலையை முதல் நாளே தொடங்கவேண்டும். கொப்பி கல்லூரி நூலகத்தில் இருக்கவேண்டும்.

செலவைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், லாண்ட் ரோவர் இப்போது கிடைப்பது கஷ்டம். 2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்ததில் பழைய இரும்புக்கும் தங்க விலை வந்துவிட்டது. ஜீப் கிடைக்காவிட்டால் ஒரு பழைய லாண்ட்மாஸ்டர் போதும். சேற்றில் ஓட அதைவிட நல்ல வாகனம் நம் வட்டைகளில் எது? ஒற்றைச் சிலிண்டர், கண்ணுக்கு முன்னால் எல்லாம் தெரியும், ஊரில் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். கழற்றிப் பூட்டினால் விதைப்புக் காலத்தில் யாருக்கும் வாடகைக்கும் கொடுக்கலாம். அந்த வருமானம் அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு.

எங்கள் லாண்ட் ரோவர் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். காக்கா சவூதிக்குப் போன பிறகு அது வீட்டு முற்றத்தில் நின்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு எழுதத் தேவையுமில்லை. வண்டியை இரண்டு வளவு தள்ளி ஒரு மதிலோடு சாய்ந்தபடி கண்டெடுத்தோம். உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் நின்று இறுகிவிட்டிருந்தது. அப்போது வண்டியைப் பற்றி நினைக்க யாருக்கும் மனமில்லை. சில மாதங்களுக்குப் பிறகு இரும்புக் கடைக்காரர் நிறைபோட்டு எடுத்துப் போனார்.

பின் கதவு மட்டும் தனியே கிடந்தது. அதை உம்மா கோழிக்கூட்டுக்கு மூடியாக வைத்தார். உம்மாவும் இல்லை, கோழிகளும் இல்லை. கதவு இருக்கிறது. பச்சைப் பெயின்ட் உரிந்தாலும் தகடு கெட்டியாக இருக்கிறது, பிணைச்சல் போல்ட் இருந்த இடத்தைச் சுற்றித்தான் அரித்திருக்கிறது. பிள்ளைகள் தொடங்குவதென்றால் அதைக் கொண்டுவந்து தருகிறேன். எந்த வண்டிக்கும் பொருந்தாவிட்டால், அலுமினியத்தை உப்பு எப்படித் தின்கிறது என்று காட்டவாவது உதவும்.